இரைச்சலும் மந்தமும்: பழைய வீட்டுக் கணினிக்கு எந்த வைத்தியம்?

சில ஆண்டுகள் உழைத்த வீட்டுக் கணினி ஒன்று இரைச்சலிடத் தொடங்கி, எதைத் திறந்தாலும் காக்கவைக்கவும் செய்தால், அதன் உரிமையாளர் முன் ஏழு வழிகள் இருக்கின்றன: உள்ளே படிந்த தூசியை அகற்றுவது, விசிறியை மாற்றுவது, வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகமில்லாத சேமிப்பகம்) பொருத்துவது, ரேம் (தற்காலிக நினைவகம்) கூட்டுவது, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது, இலகுவான வேறோர் இயங்குதளத்துக்கு மாறுவது, கணினியையே மாற்றுவது. இவற்றை ஒன்றோடொன்று போட்டியிடும் பொருள்களாக எண்ணி எது சிறந்தது என்று கேட்பவர்களே அதிகம். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோளாறுக்கு உரியவை. வெப்பத்தால் தளர்ந்த கணினிக்கு ரேம் வாங்கிப் போட்டாலும், தேய்ந்த வன்தட்டுடன் தடுமாறும் கணினியில் இயங்குதளத்தை மறுபடி நிறுவினாலும், செலவும் உழைப்பும் வீணாகும். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரைச்சலும் மந்தமும் சேர்ந்து வரும்போது இன்னொரு சிக்கல் உண்டு. இவற்றுள் எது காரணம், எது விளைவு என்பது கணினிக்குக் கணினி மாறும். தூசி அடைத்த ஹீட்சிங்க் (செயலியின், அதாவது கணினியின் மையச் சில்லின், சூட்டை இழுக்கும் உலோகத் தகடுகள்) வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் போக, விசிறி முழு வேகத்தில் சுழன்றும் பயனின்றிச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. இங்கே மந்தம் வெப்பத்தின் விளைவு. மாறாக, பின்னணியில் ஏதோ ஒரு மென்பொருள் செயலியை விடாமல் உழைக்க வைத்தால் அந்த உழைப்பே வெப்பமாகி விசிறியை விரட்டும். இங்கே இரைச்சல்தான் விளைவு, எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது அடங்காது. மூன்றாவதாக, ரேம் போதாமல் கணினி வன்தட்டை நினைவகமாகப் பயன்படுத்தும்போது வன்தட்டு ஓயாமல் கரகரக்கும். கேட்பவருக்கு அது வன்தட்டின் குறையாகத் தோன்றும், உண்மையான குறையோ வேறிடத்தில் இருக்கும். ஆகவே எந்த வழியையும் தேர்ந்தெடுக்கும் முன் சிறிது நேரம் காதுக்கும் அளவீட்டுக்கும் ஒதுக்க வேண்டும்.

காதால் அறியக்கூடியவை

கணினியின் சத்தங்கள் நான்கு வகையில் அடங்கும். வேலை கூடும்போது ஏறி, வேலை முடிந்ததும் இறங்கும் காற்றோசை விசிறியினுடையது; அது நலமாக இருக்கும் விசிறியின் ஓசையும்தான். கணினியை இயக்கிய உடனே தடதடத்து அல்லது உராய்ந்து, சூடேறிய பின் சற்றே அடங்கும் ஓசை, விசிறியின் பேரிங் (சுழலச்சைத் தாங்கும் பாகம்) தேய்ந்துவிட்டதைக் காட்டுகிறது. கோப்புகளைத் திறக்கும்போது எழும் மெல்லிய கரகரப்பு வன்தட்டின் முனை நகரும் இயல்பான ஓசை. ஆனால் சீரான இடைவெளியில் 'டக், டக்' என்று திரும்பத் திரும்பக் கேட்டு, அப்போதெல்லாம் கணினி உறைந்து நின்றால், அது வன்தட்டு தன் தடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் மீண்டும் மீண்டும் முயல்வதன் ஓசை. இறுதியாக, திரையில் பக்கத்தை நகர்த்தும்போதோ விளையாட்டு ஓடும்போதோ கேட்கும் மெல்லிய கீச்சொலி, மின்சுருள்கள் அதிர்வதால் வருவது. காதுக்கு எரிச்சலூட்டுமே தவிர, கணினிக்குக் கெடுதல் இல்லை, அதற்காக எதையும் மாற்ற வேண்டியதும் இல்லை.

எந்த விசிறி என்று தெரியாவிட்டால், மேசைக் கணினியில் மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியின் விசிறிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, சில நிமிடங்கள் மட்டும் இயக்கிப் பார்த்தால் குற்றவாளி அகப்படும். செயலியின் மேல் இருக்கும் விசிறியை இவ்வாறு கழற்றி இயக்கக் கூடாது. காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வோர் உறுப்பின் அருகிலும் கொண்டுபோவதும் நல்ல வழியே. பார்ப்பவர்கள் சிரிக்கக்கூடும், ஆனால் ஓசை வரும் திசையை அது தெளிவாகப் பிரித்துத் தரும். முனையைச் சுழலும் விசிறியில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

திரையில் அறியக்கூடியவை

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும்; மேக் கணினியில் அதே வேலைக்கு ஆக்டிவிட்டி மானிட்டர் இருக்கிறது. கணினி மெதுவாக இருக்கும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும் என்பது முக்கியம். நன்றாக ஓடும்போது பார்த்து எந்தப் பயனும் இல்லை. வட்டு நூறு விழுக்காட்டில் நின்றுகொண்டு, படிக்கும் எழுதும் வேகம் மட்டும் விநாடிக்கு ஓரிரு எம்பி அளவிலேயே தவழ்ந்தால், தடை வன்தட்டில் இருக்கிறது. ஆனால் அதே வேளையில் ரேமும் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் முடிவுக்கு வர அவசரப்படக் கூடாது. விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரின் நினைவகப் பக்கத்தில் 'ஹார்டு ஃபால்ட்ஸ்' (ரேமில் இல்லாததை வட்டிலிருந்து எடுக்க நேர்ந்த முறைகள்) என்ற எண்ணிக்கை தொடர்ந்து உயர்ந்தே இருந்தால், வன்தட்டு படும் பாட்டுக்கு ரேம் பற்றாக்குறையே காரணம்.

செயலி நூறு விழுக்காட்டில் இருந்தால், அதை எந்த நிரல் உண்கிறது என்று பட்டியலை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். பல தாவல்களுடன் திறந்து கிடக்கும் உலாவி, ஒரே நேரத்தில் இயங்கும் இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள், அறியாமல் வந்து குடியேறி வேறொருவருக்குக் கிரிப்டோ நாணயம் ஈட்டித் தரும் சுரங்க நிரல் ஆகியவை வழக்கமாக அகப்படுபவை. செயலி முழு உழைப்பில் இருந்தும் அதன் வேகம் தன் அடிப்படை அளவுக்கும் வெகுவாகக் கீழே காட்டப்பட்டால், அது வெப்பத்தால் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். மடிக்கணினியில் மட்டும் இன்னொரு ஐயத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும்: சார்ஜரை அடையாளம் காண முடியாதபோதும் சில மடிக்கணினிகள் இதே போலச் செயலியின் வேகத்தைக் குறைத்துவிடும். வெப்பநிலையைப் பார்க்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச நிரல்கள் இருக்கின்றன. இன்டெலின் பெரும்பாலான செயலிகளுக்கு உச்ச வரம்பு ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ்; ஏஎம்டியின் பல ரைசன் செயலிகளுக்கு 95. வெறும் உலாவலிலேயே தொண்ணூறைத் தொடும் கணினிக்கு முதலில் தேவைப்படுவது துப்புரவு.

துப்புரவும் விசிறியும்

ஏழு வழிகளிலும் மலிவானது துப்புரவுதான். வெப்பமே காரணம் என்றால் இதைவிடச் சிறந்த வழியும் இல்லை. மின்கம்பியைப் பிடுங்கி, ஆற்றல் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்றிய பின், அழுத்தக் காற்றுக் குப்பியால் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையே ஊத வேண்டும். ஊதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ளாவிட்டால், அது தன் வரம்புக்கு மீறிய வேகத்தில் சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். வீட்டுத் துப்புரவுக்கான வெற்றிட உறிஞ்சியை மதர்போர்டின் (உறுப்புகள் பொருந்தும் முதன்மைப் பலகையின்) அருகே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. அதன் முனையில் உருவாகும் நிலைமின்சாரம் நுண்ணுறுப்புகளைத் தாக்கக்கூடும்.

மடிக்கணினியில் தூசி ஒரு மெல்லிய கம்பளித் துண்டு போல விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே படிகிறது. வெளியிலிருந்து காற்றுத் துளை வழியாக ஊதினால் அந்தப் படலம் உடைந்து உள்ளேயே தங்கிவிடும். அடிமூடியைத் திறந்து, மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிய பிறகு எடுப்பதே முறை. திறக்கும்போது மின்கலம் உப்பியிருப்பது தெரிந்தால், அதற்கு முன்னறிகுறியாகத் தொடுதட்டு மேலெழும்பியிருக்கும், வேறெதையும் பார்க்காமல் முதலில் மின்கலத்தை மாற்ற வேண்டும். உப்பிய மின்கலத்தைக் குத்துவதோ அழுத்துவதோ தீ விபத்தை அழைப்பதற்குச் சமம்.

தூசி இல்லாமலும் வெப்பம் குறையாவிட்டால், செயலிக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே உள்ள தெர்மல் பேஸ்ட் (வெப்பத்தைக் கடத்தும் பசை) உலர்ந்திருக்கலாம். ஹீட்சிங்கைக் கழற்றினாலே பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக இட்டாக வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 வகைச் செயலிகளில், காய்ந்த பேஸ்ட்டோடு ஹீட்சிங்கை நேரே மேலே இழுத்தால் செயலியும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து கையோடு வரும், ஊசிகள் வளையும். சிறிது நேரம் கணினியை இயக்கிச் சூடாக்கி, நிறுத்திய பின் ஹீட்சிங்கை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுக்க வேண்டும். இன்டெலின் பெட்டியோடு வரும் குளிர்விப்பானில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று நழுவியிருப்பதும் அடிக்கடி காணப்படும் குறையே. பேஸ்ட் மாற்றுவதற்கு முன் அதைக் கவனித்தால் ஒரு வேலை மிச்சம்.

விசிறியின் பேரிங்கே தேய்ந்திருந்தால் துப்புரவு உதவாது. ஒரு துளி எண்ணெய் இட்டுச் சமாளிப்பது சில வாரங்களுக்கான ஏற்பாடு மட்டுமே. மேசைக் கணினிக்கு விசிறி மாற்றுவது எளிது: 80, 92, 120, 140 மில்லிமீட்டர் என்ற வழக்கமான அளவுகளில் எது என்றும், இணைப்பில் மூன்று ஊசியா நான்கு ஊசியா என்றும் பார்த்தால் போதும். நான்கு ஊசி விசிறியின் வேகத்தை மதர்போர்டு நுணுக்கமாகக் கட்டுப்படுத்த முடியும். இடம் இருந்தால் ஓர் அளவு பெரிய விசிறியை மெதுவாகச் சுழலவிடுவதே அமைதிக்கு நல்ல வழி. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றோட்டமும் அதே அளவே குறையும். ஓசையோ ஏறக்குறைய 5 டெசிபல் இறங்கும். வேகத்தைப் பாதியாக்கினால் 15 டெசிபல் வரை இறங்கும். இந்தக் கணக்கை நம்பி, புதிய விசிறி வாங்கும் முன்பே பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பில், வெப்பத்துக்கேற்ப விசிறியின் வேகத்தை வகுக்கும் கோட்டைச் சற்றுத் தாழ்த்திப் பார்க்கலாம், செலவில்லாத வேலை. விண்டோஸின் மின்திட்டத்தில் செயலியின் உச்ச நிலையை 99 விழுக்காடாக வைத்தால், பல கணினிகளில் டர்போ என்னும் தற்காலிகக் கூடுதல் வேகம் நின்று வெப்பமும் இரைச்சலும் குறையும். உச்ச வேகத்தில் ஒரு பகுதியை இழக்கிறோம். கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் மட்டும் பயன்படும் கணினியில் அந்த இழப்பு தெரியாது.

மடிக்கணினியின் விசிறி அந்தந்த மாதிரிக்கே உரியது. பழைய விசிறியின் மேல் அச்சிட்ட பாக எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். மின்வழங்கிப் பெட்டியின் விசிறி கெட்டிருந்தால் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டுமே தவிர அதைத் திறக்கக் கூடாது. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

எஸ்.எஸ்.டி.யா, ரேமா?

வாங்கிப் பொருத்தும் வழிகளில் மக்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கணினி மெதுவானால் ரேம் கூட்ட வேண்டும் என்பது பழகிப்போன அறிவுரை. என் மதிப்பீட்டில், வன்தட்டில் ஓடும் வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இரண்டாவது மருந்து, முதலாவது எஸ்.எஸ்.டி.

காரணம் எளிய கணக்கில் இருக்கிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டில், தேவையான இடம் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக 4.2 மில்லி விநாடி ஆகும். முனை அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு 9 மில்லி விநாடி அளவில் ஆகும். இரண்டும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை அது விநாடிக்கு ஏறக்குறைய 75 முறை மட்டுமே எட்ட முடியும். மடிக்கணினிகளில் பரவலாக இருந்த 5400 சுழற்சி வன்தட்டில் இது இன்னும் குறைவு. இயங்குதளம் எழும்போதோ உலாவி திறக்கும்போதோ தேவைப்படுவது பெரிய கோப்பு ஒன்றல்ல, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் நகர்வதும் எதுவுமில்லை. ஓர் இடத்தை எட்ட அதற்கு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட அரிதாகவே ஆகும், ஆகவே விநாடிக்குப் பல ஆயிரம் வேண்டுகோள்களை அது நிறைவேற்றுகிறது. நிமிடக்கணக்கில் எழுந்த கணினி அரை நிமிடத்துக்குள் எழுவது இதனால்தான். இரைச்சல் என்ற பாதிக் குறையும் கூடவே தீர்கிறது: வன்தட்டின் கரகரப்பும், பெட்டியின் தகடு வழியே பரவும் அதன் அதிர்வும் முற்றாக மறையும்.

ரேம் எப்போது முதலிடம் பெறும்? 4 ஜிபி ரேமோடு இன்றைய உலாவிகளை ஓட்டும் கணினியில் அதன் தேவை தெளிவு. 8 ஜிபி சாதாரண வீட்டு வேலைக்குப் போதும். படத்தொகுப்பு, பெரிய விளையாட்டு, பல கணக்குகளில் ஒரே நேரத்தில் வேலை ஆகியவற்றுக்கு 16 ஜிபி வசதியாக இருக்கும். அளவீட்டின்போது ரேம் பாதியளவே நிறைந்திருந்தால், மேலும் கூட்டுவதால் வேகம் குறிப்பிடும்படி கூடாது. இரண்டில் ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்ற நிலையில் எஸ்.எஸ்.டி.யை நான் முன்வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: ரேம் போதாத கணினி எஸ்.எஸ்.டி.யைத் துணை நினைவகமாகப் பயன்படுத்தும்போது அந்தக் குறை ஓரளவு மறைக்கப்படுகிறது. ஆனால் எவ்வளவு ரேம் சேர்த்தாலும், கணினியை இயக்கிய பின் ஒரு நிரல் முதல் முறை திறக்கும்போது அது வன்தட்டின் வேகத்திலேதான் வரும்.

ரேம் வாங்குவதில் பொருத்தம் முக்கியம். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகிய ரேம் தலைமுறைகளின் வெட்டுத் தடங்கள் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் செருக முடியாது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே இந்த வழியே இல்லை. 32 பிட் விண்டோஸ் நிறுவியிருந்தால், வீட்டுப் பதிப்புகள் 4 ஜிபிக்கு மேல் உள்ள ரேமைப் பயன்படுத்தாது. ஒரே ஒரு ரேம் பட்டை உள்ள கணினியில் அதற்கு இணையான இரண்டாவது பட்டையைச் சேர்த்தால், இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் தரவு பெறும் இரட்டைத் தடம் செயல்படும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் இது விளையாட்டு வேகத்தில் நன்றாகவே தெரியும்.

எஸ்.எஸ்.டி.யிலும் தேர்வு உண்டு. சாட்டா என்னும் பழைய இணைப்பு வகை விநாடிக்கு ஏறக்குறைய 550 எம்பி வேகத்தில் நின்றுவிடும். புதிய, வேகமான இணைப்பு வகையான என்விஎம்ஈயின் மூன்றாம் தலைமுறை 3500 எம்பி வரை போகும். எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். வன்தட்டிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது உணரும் மாற்றம் பெரியது. சாட்டாவிலிருந்து என்விஎம்ஈக்கு மாறும்போது வீட்டுப் பயனாளர் உணர்வது மிகக் குறைவு. பழைய மதர்போர்டுகள் பல என்விஎம்ஈயிலிருந்து இயங்குதளத்தை எழுப்பவே முடியாதவை. எம்.2 துளை (சிறிய எஸ்.எஸ்.டி.யைச் செருகும் இடம்) இருக்கிறது என்பதை மட்டும் வைத்து வாங்கிவிடுவதும் தவறு. அந்தத் துளை சாட்டாவுக்கு மட்டும் உரியதாக இருக்கலாம். மதர்போர்டின் கையேட்டில் ஒரு வரி பார்த்துவிட்டால் இந்த ஐயம் தீரும்.

மாற்றும் முன் பழைய வன்தட்டின் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற நிரல்கள் வன்தட்டு தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் குறிப்புகளைக் காட்டும். 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மூல மதிப்பு பூச்சியமாக இருந்தால் நல்லது. அது உயர்ந்துகொண்டே போனால் வட்டின் பரப்பு சிதைகிறது என்று பொருள். 199ஆம் எண் மட்டும் உயர்ந்தால், குற்றம் பெரும்பாலும் சாட்டா கம்பியில். மலிவான கம்பி ஒன்றை மாற்றியே மந்தம் தீர்ந்துவிடுவதும் உண்டு. சிதையும் வட்டு என்று தெரிந்த பின் அதன்மேல் டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் நிரல்) ஓட்டுவதோ வட்டுப் பிழைதிருத்தம் செய்வதோ கூடாது. அவை ஏற்கெனவே தளர்ந்த முனையை மணிக்கணக்கில் உழைக்க வைக்கும். மிக முக்கியமான கோப்புகளை முதலில் வெளியே எடுத்து, பிறகே மற்றவற்றைப் பற்றி எண்ண வேண்டும். 'டக், டக்' ஓசை கேட்கத் தொடங்கிய வட்டில், திரும்பப் பெறவே முடியாத படங்களோ ஆவணங்களோ இருந்தால், அதை மேலும் இயக்காமல் தரவு மீட்பு வல்லுநரிடம் கொடுப்பதுதான் அறிவு.

வட்டு நலமாக இருந்தால், அதன் உள்ளடக்கத்தை அப்படியே எஸ்.எஸ்.டி.க்குப் படியெடுக்கலாம், குளோன்ஸில்லா போன்ற இலவசக் கருவிகள் இதைச் செய்யும். நிரல்களும் அமைப்புகளும் மாறாமல் வந்துசேரும் என்பது இதன் வசதி; பழைய குப்பையும் சேர்ந்தே வரும் என்பது இதன் குறை. எந்த வழியானாலும், பிட்லாக்கர் (வட்டின் தரவை மறையாக்கும் விண்டோஸ் வசதி) பூட்டு இயங்குகிறதா என்று பார்த்து, அதன் மீட்பு எண்ணைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளாமல் வட்டிலோ பயாஸ் அமைப்பிலோ கைவைக்கக் கூடாது.

இயங்குதளம்: மறுநிறுவலும் மாற்றமும்

மறுநிறுவல் அதற்குரிய தகுதிக்கு மேல் புகழப்படுகிறது என்பது என் கருத்து. தொடக்கத்தில் தானாக எழும் நிரல்களை டாஸ்க் மேனேஜரிலேயே நிறுத்தி, இரண்டு வைரஸ் தடுப்பில் ஒன்றை அகற்றி, வட்டில் பத்துப் பதினைந்து விழுக்காடாவது இடம் காலியாக வைத்தால், மறுநிறுவலின் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். தீங்குநிரல் புகுந்திருந்தாலோ, எஸ்.எஸ்.டி. எப்படியும் புதிதாகப் பொருத்தப்படுகிறது என்றாலோ மட்டும் அது சரியான தேர்வு. 'ரெஜிஸ்ட்ரி துப்புரவு', 'ஒரே அழுத்தில் வேகம்' என்று விற்கப்படும் நிரல்களை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. அவற்றுக்கு அந்த இடம் தகாது.

வேறோர் இயங்குதளத்துக்கு மாறுவது இப்போது முன்னைவிடக் கனமான கேள்வியாகிவிட்டது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), செக்யூர் பூட் (நம்பகமான இயங்குதளத்தை மட்டும் எழுப்பும் காவல்) வசதியுள்ள யுஈஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்), பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல் கோர் அல்லது ரைசன் 2000 வரிசை முதலான செயலி ஆகியவை வேண்டும். ஏழாம் தலைமுறை இன்டெல் கணினி ஒன்று எஸ்.எஸ்.டி.யும் 8 ஜிபி ரேமும் பெற்று நலமாக ஓடினாலும், வன்பொருள் குறையால் அல்லாமல் ஆதரவுக் குறையால் ஓரங்கட்டப்படுகிறது. இத்தகைய கணினிக்கு இலவச லினக்ஸ் இயங்குதளங்களான லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஈ பதிப்போ லுபுண்டுவோ நல்ல புகலிடம். உலாவி, மின்னஞ்சல், ஆவணம், காணொளி ஆகியவற்றோடு நின்றுவிடும் வீட்டில் மாற்றம் ஓரிரு வாரத்தில் பழகிவிடும். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கியல் மென்பொருளோ, குறிப்பிட்ட விளையாட்டோ, ஓட்டுநிரல் கிடைக்காத பழைய ஸ்கேனரோ இருந்தால் இந்த வழியைத் தொடங்காமல் இருப்பது நல்லது.

லினக்ஸுக்கு மாறாதவருக்கும் அதன் நேரடி யுஎஸ்பி ஒரு நல்ல சோதனைக் கருவி. வட்டில் எதையும் நிறுவாமல் யுஎஸ்பியிலிருந்தே அதை எழுப்பி அரைமணி நேரம் பயன்படுத்தினால், கோளாறு எந்தப் பக்கம் என்பது விளங்கும். அப்போது விசிறி அடங்கிக் கணினி சுறுசுறுப்பாக இருந்தால், குறை நிறுவியுள்ள மென்பொருளிலோ வட்டிலோ இருக்கிறது. அப்போதும் விசிறி அலறினால், குறை வெப்பத்தில்.

புதிய கணினி எப்போது?

மேற்கண்ட எதுவும் தொட முடியாத குறைகள் சில இருக்கின்றன. இரண்டு கருக்கள் (கணக்கிடும் அலகுகள்) மட்டுமே கொண்ட பழைய செலரான் வகைச் செயலி, பற்றவைத்த 4 ஜிபி ரேம், பலகையோடு பற்றவைத்த, மாற்ற முடியாத ஈஎம்எம்சி சேமிப்பகம் ஆகிய மூன்றும் ஒரே மடிக்கணினியில் கூடியிருந்தால், அதில் எந்தச் செலவும் செய்யாமல் விடுவது மேல். செயலி தன் முழு வேகத்தில், சரியான வெப்பநிலையில், எஸ்.எஸ்.டி.யோடு ஓடியும் வேலைக்குப் போதவில்லை என்றால் அதுவும் மாற்ற வேண்டிய கணினியே. இந்தக் கடைசி நிபந்தனையைப் பலர் சோதிக்காமலேயே புதிதாக வாங்கிவிடுகிறார்கள். தூசி அடைத்து வேகம் இழந்த செயலியைப் 'பழசாகிவிட்டது' என்று கழித்துக்கட்டுவது இப்படித்தான் நடக்கிறது. எஸ்.எஸ்.டி., ரேம், விசிறி, மின்வழங்கி என்று தேவைப்படும் பாகங்களின் மொத்தச் செலவு, அதற்கு நிகரான புதிய கணினியின் விலையில் பாதியைத் தாண்டினால் பழுதுபார்ப்பதை நிறுத்திக்கொள்ளலாம் என்பது நான் கைக்கொள்ளும் அளவுகோல். எஸ்.எஸ்.டி.யையும் பெட்டி விசிறியையும் பிறகு வேறு கணினிக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதால், மேசைக் கணினிக்கு இந்த எல்லையைச் சற்றுத் தளர்த்துவதில் தவறில்லை.

புதிதாக வாங்குவது இரைச்சலுக்கு முடிவு என்றும் எண்ணிவிடக் கூடாது. மெல்லிய மடிக்கணினியில் சிறிய விசிறி ஒன்று அதிக வேகத்தில் சுழன்றுதான் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஆற்றல்மிக்க செயலியோடு வரும் மெல்லிய மாதிரிகள், ஓய்வில் அமைதியாகவும் வேலையில் பழைய கணினியைவிட இரைச்சலாகவும் இருப்பது அரிதன்று. அமைதியே முதன்மை என்றால், விசிறியே இல்லாத குறைந்த ஆற்றல் மாதிரிகளையோ, பெரிய விசிறிகளுக்கு இடமுள்ள மேசைக் கணினியையோ பார்க்க வேண்டும். அலுவலகங்கள் கழிக்கும், எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய மேசைக் கணினிகள் இரண்டாம் கையாகக் கிடைத்தால், அவை புதிய மலிவு மடிக்கணினிகளைவிடப் பல வகையிலும் மேலானவை: ரேம், வட்டு, விசிறி மூன்றையும் மாற்றலாம். வாங்கும் முன் கடையிலேயே அரைமணி நேரம் இயக்கி, செயலிக்கு வேலை கொடுத்து, விசிறியின் ஓசையையும் வெப்பநிலையையும் பார்க்கக் கேட்க வேண்டும்.

பழைய வன்தட்டின் ஸ்மார்ட் குறிப்புகள் தூய்மையாக இருந்தால், அதை ஒரு யுஎஸ்பி உறையில் இட்டுக் காப்புப் பிரதிக்குப் பயன்படுத்தலாம். ஆண்டுக்கணக்கில் ஓடிய வட்டு என்பதால் ஒரே பிரதியாக அதை நம்பக் கூடாது. கைமாற்றுவதாக இருந்தால், கோப்புகளை நீக்குவதோடு நில்லாமல் வட்டு முழுவதும் ஒருமுறை மேலெழுதிவிட வேண்டும். எஸ்.எஸ்.டி.யை அப்படி மேலெழுதுவது நம்பத்தக்கதன்று. தயாரிப்பாளரின் கருவியிலோ பயாஸிலோ உள்ள பாதுகாப்பான அழிப்பு ஆணையைப் பயன்படுத்த வேண்டும்.